சரிபாதி அண்ணாச்சியும் எங்கள் வீட்டுக் கூறும்

திருநெல்வேலிச் சீமையில் உளுந்தவடையின் நடு ஓட்டையைக்கூடச் சரிபாதியாகப் பிரிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் சரிபாதி அண்ணாச்சி.

நூல் மில்லில் எடை போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில்லை விட்டாரே தவிர அந்தப் புத்தியை விடவில்லை. டீக்கடையில் பேப்பர் வந்தால் நட்டநடுவில் கிழித்து, எதிரே இருப்பவருக்குப் பாதியைக் கொடுத்துவிடுவார். வெட்டியவன் பெயர் ஒருவரிடமும் வெட்டுப்பட்டவன் பெயர் இன்னொருவரிடமும் மாட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே செய்தியை முழுதாக்க வேண்டும்.

சொத்துத் தகராறு என்றால் தெருவே அவரைத்தான் கூப்பிடும். கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில் தீரும், அண்ணாச்சி எட்டே நாளில் முடிப்பார். அவருடைய சட்டம் ஒரு வரிதான். "கூறு போடுதவன் ஒருத்தன், எடுக்கவன் இன்னொருத்தன்." ஒருவர் சொத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மற்றவர் பிடித்ததை முதலில் எடுக்கலாம். பிரித்தவருக்கு மிச்சம்தான்.

ஒரு வீட்டில் எல்லாம் பிரித்து முடித்து, ஒரே ஒரு கிரைண்டருக்காக அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். டிரம் அண்ணனுக்கு, உள்ளே சுற்றுகிற கல் தம்பிக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அண்ணாச்சி போய்விட்டார். இட்லி இல்லாமல் நாலு நாள் தாக்குப்பிடித்தார்கள். அஞ்சாம் நாள் இரண்டு பெண்டாட்டிமாரும் சேர்ந்து மாவாட்டினார்கள்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்த எனக்கும் ஒரு நாள் வந்தது. அப்பா போய்ச் சேர்ந்தபோது இருந்தது ஒரு வீடு, வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் வயல். வீட்டில் அம்மா. நான் பாளையங்கோட்டையில் ஆபீஸ் குமாஸ்தா. தம்பி, கங்கைகொண்டான் கம்பெனிகளுக்கு லோடு அடிக்கப் போகிறேன் என்று கடனில் இரண்டு மினி லாரி எடுத்தான். லோடு வருவது நின்றுபோனது. கடன் கொடுத்தவர்கள் வருவது நிற்கவில்லை.

அம்மா தினமும் போன் செய்வாள். "ஐயா, இன்னைக்கும் ரெண்டு பேரு வந்தானுவ. தண்ணி கேட்டுக் குடிச்சிக்கிட்டே வீட்ட மேலயும் கீழயும் பாக்கானுவ. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கு."

எனக்கும்தான் அடித்தது. வீடு போனால் அம்மா எங்கே போவாள்? தனக்குப் பங்கே வேண்டாம் என்று தம்பி எழுதிக் கொடுத்துவிட்டால் வீடு தப்பும் என்று நினைத்தேன். அவனோ வீட்டை விற்றுப் பங்கைக் கொடு என்றான்.

"அண்ணே, நீ வீட்டக் காப்பாத்தப் பாக்கியா, எம் பங்க முழுங்கப் பாக்கியா?" என்று ஒருநாள் கேட்டான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால், இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது.

வேறு வழியில்லாமல் அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். டேப்போடு வந்து வீட்டை அளந்தார், வயலை அளந்தார், என்னை ஒரு பார்வை அளந்தார். பிறகு பேனாவைத் தூக்கித் தம்பி கையில் கொடுத்து, கூறு போட எட்டு நாள் தவணை சொன்னார்.

நான் பதறிப்போனேன். "அண்ணாச்சி, கடன் இருக்கவன் கையிலயா பேனாவக் கொடுக்கிய?"

"அவன் தூங்கி ரொம்ப நாளாச்சி. ஒரு எட்டு நாள் நீயும் முழிச்சிரு. சரிபாதி" என்றார்.

முழித்துத்தான் இருந்தேன். அடுக்களை நடுவில் கோடு போட்டு, பாதியை எவனுக்காவது விற்றுவிடுவானோ? அம்மா அடுப்பு இந்தப் பக்கம், கடன் கொடுத்தவன் நாற்காலி அந்தப் பக்கமா? ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்பைத் தலைகீழாகக் குத்தி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எட்டாம் நாள் தம்பி காகிதத்தை நீட்டினான். இரண்டே வரி. வீடு ஒரு கூறு, அம்மா கடைசிவரை அங்கேதான். வயல் ஒரு கூறு.

வீட்டு மதிப்பில் பாதிகூட வராது அந்த வயல். "அண்ணன் வீட்டத்தான் எடுப்பான். நான் வயல வித்துக் கடன அடைச்சிருவேன். அம்மையத் தேடி ஒரு பயலும் வரமாட்டான்" என்றான் தம்பி.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணாச்சிக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. "ஏலே கோட்டிக்காரா, இது சரிபாதியாலே? அழிச்சிட்டு வேற போடு!"

"முடியாது அண்ணாச்சி."

இந்த மனுஷன் வாயை மூடமாட்டாரா, காரியத்தைக் கெடுத்துவிடுவாரோ என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். "நீ பைய யோசிச்சு எடு."

நான் யோசிக்கவே இல்லை. "வீடு" என்றேன்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அம்மாகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடுத்தாச்சில்லா? கூடுதலா எடுத்தத எப்பத் திருப்பிக் கொடுப்ப? நான் வந்து கேப்பேன்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி செருப்பை மாட்டினார்.

வந்தார். மாதாமாதம் சம்பள நாளன்று பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வந்து, ஆபீஸ் வாசலில் நின்று கூப்பாடு போட்டார். "ஏலே, கொடுக்க வேண்டியத எப்பக் கொடுப்ப?"

நான் கழுத்துவரை கடனில் மூழ்கிவிட்டதாக ஆபீஸே முடிவு கட்டியது. கேன்டீன்காரர் எனக்கு மட்டும் முதலில் காசு, பிறகுதான் டீ என்றார். மேனேஜர் தனியாக அழைத்து, "சீட்டாட்டமா?" என்று பரிவோடு விசாரித்தார்.

ஒருநாள், "சார், அவரு வந்துட்டாரு" என்று பியூன் சொன்னதும் ரெக்கார்டு ரூமுக்குள் ஓடி ஒளிந்தேன். பழைய ஃபைல் தூசியில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன். வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அலமாரிக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கினேன். என் தம்பி ஒவ்வொரு நாளும் இப்படித்தானே இருந்திருப்பான் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அழுதுவிட்டேன்.

அடுத்த வாரமே அண்ணாச்சியைக் கூப்பிட்டு, நான் கூடுதலாக எடுத்ததற்கு ஈடாக அவர் அளந்து காட்டிய வீட்டின் பின்கட்டைத் தம்பி பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். அதற்குள் அவன் வயலை விற்றுக் கடனை அடைத்திருந்தான். இப்போது வேறொருவர் லாரியை ஓட்டிக்கொண்டு, பின்கட்டிலேயே குடும்பத்தோடு இருக்கிறான். அம்மா போன் செய்தால் கொசுத் தொல்லையைப் பற்றித்தான் பேசுகிறாள்.

அண்ணாச்சி வருவதை நிறுத்திவிட்டார். சம்பள நாள் வந்தால் நான் ஆபீஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். நாலு மாதம் பொறுத்தேன். அதற்குமேல் முடியாமல், ஊருக்குப் போய் அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

"என்னலே, இங்கன என்ன சோலி?"

"பின்கட்டு முருங்கை மரத்துல எனக்கும் தம்பிக்கும் பெரிய தகராறு அண்ணாச்சி. நீங்க வந்தாத்தான் தீரும்."

"அப்பமே நினைச்சேன்!" என்று டேப்பைத் தேடி உள்ளே ஓடினார்.

நான் தெருமுனைக்கு ஓடித் தம்பிக்குப் போன் போட்டேன். "ஏலே, அண்ணாச்சி வாராரு. சீக்கிரமா ஒரு முருங்கைக் கம்ப வாங்கி நட்டு வையி."