இஸ்திரி மேசையில் பருவநிலை ஆராய்ச்சி

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் வீட்டில் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனவர்களுக்குச் சௌக்கியத்துக்கு என்ன குறை?

பொருளாதாரப் பேராசிரியராகிய தாங்கள் போன மாதம் என் மகள் படிக்கும் கல்லூரிக்கு வந்து, "இளம் பொருளாதார நிபுணர்களே, பருவநிலை மாற்றத்தை ஆராய வாருங்கள்" என்று முழங்கினீர்களாம். இருநூறு பிள்ளைகள் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள். உங்கள் மருமகள் மட்டும் அதை நம்பி, நேராக என் லாண்டிரிக்கு வந்து இஸ்திரி மேசைக்கு எதிரே ஒரு தெர்மாமீட்டரை மாட்டினாள். வெயில் ஏற ஏற ஒரு ஆள் எத்தனை சட்டை தேய்க்கிறான் என்று எண்ணப்போகிறாளாம். பேங்கில் வேலை தயாராக இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவள் உட்கார்ந்து சட்டை எண்ணுகிறாள்!

அதோட விட்டுதா? அந்தத் தெர்மாமீட்டர் வந்த அன்னைக்கே என் ஆளுங்க மூணு பேருக்கும் புதுசா வேர்க்க ஆரம்பிச்சிடுச்சு. இத்தனை வருஷமா அதே கொதிப்புல நின்னவனுங்க, இப்ப நிமிர்ந்து பாத்து "முதலாளி, நாப்பது"ங்கறானுங்க, பெட்டியைக் கீழே வச்சிடறானுங்க. சரி, இந்த ஆராய்ச்சியை முளையிலேயே கிள்ளிடலாம்னு, யாரும் பாக்காதப்ப தெர்மாமீட்டருக்குப் பின்னால துணில ஐஸைச் சுத்தி வச்சேன். இருபத்தாறு காட்டுச்சு. ஒருத்தன், "இருபத்தாறுலயே இப்படிக் கொதிக்குதே, எனக்குக் காய்ச்சல்தான்"னு டாக்டர்கிட்ட ஓடிட்டான். அவன் வேலையும் என் தலையில. பாதில தலை சுத்துது. நிமிர்ந்து பாக்குறேன், இருபத்தாறு. அட, இதுல என்ன களைப்புன்னு இன்னும் வேகமா தேய்ச்சேன் பாருங்க, ஐஸ் வச்சதே நான்தான்ங்கறது மறந்தே போச்சு! வக்கீலோட கறுப்பு கோட்டு மேலயே பெட்டியோட சாஞ்சிட்டேன். கோட்டு முதுகுல இப்ப ஒரு ஜன்னல். வக்கீல் பேசினதை எழுத மாட்டேன், இந்தக் கடிதத்தை உங்க வீட்டுல அக்காவும் படிப்பாங்க. உங்க மருமக ஓடி வந்து மூஞ்சில தண்ணி தெளிச்சா. தெளிச்ச கையோட மணியைப் பாத்து நோட்டுல குறிச்சுக்கிட்டா. பெத்த அப்பன் தரையில கிடக்கேன், மச்சான்!

ஆகவே கொளுத்திய வாயாலேயே அணைக்க வேண்டுகிறேன். "பேங்குக்குப் போம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை, திங்களுக்குள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்களாவது உங்கள் பேச்சைக் கேட்காமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வெந்துபோன மைத்துனன்

பி.கு.: உங்களுக்கு ஆதாரம் அனுப்பலாம்னு அவ நோட்டைப் பிரிச்சேன். அதுல பேர் கிடையாது, ஆளுக்கு ஒரு நம்பர். "நாலாம் ஆள். வயது ஐம்பத்தெட்டு. இரண்டு மணிக்கு மேல் கை நடுங்குகிறது. மற்றவர்களை உட்காரச் சொல்வார், தான் உட்காருவதில்லை. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை." மூணு வருஷமா உங்க தங்கச்சிக்கே தெரியாம நான் மறைச்ச கை. அப்படியே உக்காந்துட்டேன். அந்த நேரம் பாத்து பேங்க்ல இருந்து போன், எப்ப சேர்றாங்கன்னு. "அவ வரமாட்டா"ன்னுட்டேன். மேலே எழுதினதை எல்லாம் அடிச்சிடுங்க. அவகிட்ட இன்னும் சொல்லல. ஏன்னு கேப்பா, கையைக் காட்டித்தான் சொல்லணும்.