மூன்று பேர் தள்ளிய வண்டி

“என் சம்சாரத்துக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க,” என்றார் தையல்காரர். “மோட்டார் சைக்கிளைத் திருடி எப்படி ஓட்டிக்கிட்டுப் போயிருப்பா?”

இன்ஸ்பெக்டர் நியாயமான மனிதர் போலத் தலையாட்டினார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டைப் பார்த்தார். “ஓட்டிக்கிட்டுப் போனாங்கன்னா எழுதின? அடிச்சிடு. தள்ளிக்கிட்டுப் போனாங்கன்னு போடு.”

தையல்காரர் அத்துடன் எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. அளவை ஒழுங்காகச் சொன்னால் சட்டை ஒழுங்காக வரும். உண்மையை ஒழுங்காகச் சொன்னால் வழக்கும் அப்படித்தான் என்பது அவர் நினைப்பு. அந்தச் சிவப்பு வண்டி பீரோ கனம் கனக்குமே, ஒற்றைப் பெண்பிள்ளை எப்படித் தள்ளுவாள் என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் மோவாயைத் தடவினார். “அதானே. கூட ஒரு ஆம்பளை இருந்திருக்கணும்.” சொல்லிவிட்டு, தையல்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

மனைவிக்காகப் பேசப் போனவர், இரண்டாவது குற்றவாளியாக வீடு திரும்பினார்.

அவர் மனைவி ஒரு சின்னப் பத்திரிகையில் நிருபர். ஸ்டேஷன் பின்கட்டில் போலீஸ் பிடித்து வைத்த வண்டிகளில் ஓட்டை உடைசலெல்லாம் அப்படியே துருப்பிடிக்க, ஓடுகிற வண்டிகள் மட்டும் எப்படி மாயமாகின்றன என்று துப்புத் துலக்கியவள். இன்ஸ்பெக்டரே விற்கிறார். வாங்கியவர்கள் காதோடு காதாகச் சொல்வார்கள். பேர் போடலாமா என்று கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பேர் சொல்லி ஒருவராவது பேசாமல் அச்சில் ஏற்ற மாட்டேன் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். அதைவிடப் பெரிய பிடிவாதம், எவரைப் பற்றி எழுதுகிறாளோ அவரிடமே முதலில் போன் செய்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பது.

இன்ஸ்பெக்டரிடமும் கேட்டாள்.

மறுநாள் காலையில் போலீஸே ஒரு சிவப்பு வண்டியைக் கொண்டுவந்து அவர்கள் வீட்டுச் சந்தில் நிறுத்தியது. சற்று நேரத்தில் போலீஸே அதைக் கண்டும் பிடித்தது. அவளை இழுத்துப்போன பிடியில் மணிக்கட்டு கன்றிவிட்டது. செல்போனைத் தரையில் அடித்து உடைத்தார்கள். பகல் முழுக்க நிற்கவைத்தார்கள். நின்ற இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியே பின்கட்டு வண்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜாமீனில் வீட்டுக்கு வந்ததும் தையல்காரர் தண்ணீரை நீட்டினார். அவள் பேனா கேட்டாள்.

“திருடன்கிட்டயே போய், உன்னைப் பத்தி எழுதப்போறேன், நீ என்ன சொல்றேன்னு கேப்பாளா ஒருத்தி?” என்று தையல்காரர் அன்றைக்கே அங்கலாய்த்தார்.

“கேக்காம எழுதினா வம்புங்க. கேட்டு எழுதினாத்தான் செய்தி.”

இப்போது அவர் இரண்டாவது குற்றவாளியாகி வந்து நின்றதும் சிரித்துவிட்டாள். “என்னைப் பத்தி அவன் கதை எழுதறான். அதை நீங்க உக்காந்து திருத்திக் குடுக்கிறீங்க. எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு நல்ல உதவி ஆசிரியர் கிடையாது.”

தையல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பல வருஷமாக மெஷினில் குனிந்து குனிந்து அவர் இடுப்பு போய்விட்டது. தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இடுப்புப் பட்டையைச் சட்டைக்கு மேலேயே கட்டிக்கொண்டு, டாக்டர் சீட்டோடு மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போனார்.

இன்ஸ்பெக்டர் சீட்டை உண்மையான அக்கறையோடு படித்தார். பாவம், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு உங்களால் முழுசாகத் தள்ளியிருக்க முடியாதுதான் என்று ஒப்புக்கொண்டார். “வீட்ல வேற யாரு இருக்காங்க?”

“எங்கம்மா மட்டுந்தாங்க,” என்றார் தையல்காரர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செய்தியைக் கேட்ட அம்மா அதிர்ந்துபோகவில்லை. எத்தனாவது குற்றவாளி என்று மட்டும் விசாரித்தாள். மூன்றாவது என்றதும் முகம் சுண்டிவிட்டது. “தள்ளினது மூணு பேருன்னா, வயசுக்காவது மரியாதை குடுத்து என்னை முதல்ல போட்டிருக்கக் கூடாதா?”

“விடுங்க அத்தை. மேல்முறையீட்டுல சரி பண்ணிக்கலாம்,” என்றாள் மருமகள்.

அவர்கள் வழக்கை எடுத்துக்கொண்ட வக்கீல் அம்மாள் தையல்காரரைத் தனியே கூப்பிட்டு, இனி ஸ்டேஷன் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, இன்னொரு தடவை உதவி செய்தால் தெருவே உள்ளே போய்விடும் என்று சொல்லிவைத்தாள்.

இவர் போகாவிட்டால் என்ன, ஏட்டு வந்தார். செய்தியை விட்டுவிடுவதாக நிருபரம்மா ஒரு வார்த்தை சொன்னால், வண்டி வந்த வழியே போய்விடும் என்றார். இல்லாவிட்டால் மூவருக்கும் ஜெயில்தான்.

ஏட்டு போன பிறகு தையல்காரர் வாசல் கதவைத் தாழ்போட்டார். மனைவியிடம், அம்மாவை நினைத்தாவது விட்டுவிடேன் என்றார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

மனைவி கோபப்படவில்லை. “பயமா இருக்குங்க எனக்கும்,” என்றாள். “அந்த ஜன்னலண்ட நின்னப்போ, பின்கட்டு வண்டியை எண்ணி எண்ணித்தான் பயத்தை ஓட்டினேன். ஆனா நாளைக்கு நம்ம தெருவுல எவன் வண்டியைப் பிடுங்கினாலும், அவன் யார்கிட்டப் போய்ச் சொல்லுவான்?”

தையல்காரர் எழுந்துபோய், கோர்ட்டுக்கு அவள் போட்டுக்கொள்ளும் சட்டைக்குக் கை கொஞ்சம் நீளமாகத் தைக்க ஆரம்பித்தார். கன்றிய மணிக்கட்டு தெரியாமலிருக்கட்டும் என்று. அவள் பார்த்துவிட்டு, தெரியட்டும், குட்டையாகவே தையுங்கள் என்றாள். குட்டையாகவே தைத்தார். அவர் தைத்ததிலேயே அழகான சட்டை அதுதான்.

வழக்கு நாளில் மூவரும் கூண்டில் நின்றார்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் என்று சாட்சிக் கூண்டில் ஏறிய ஆளைப் பார்த்ததும் தையல்காரர் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரர். தினமும் ஸ்டேஷனுக்குச் சுடச்சுட ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பவர். இன்ஸ்பெக்டர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

வண்டி என்னுடையதுதான், காணாமல் போனதும் என்னுடையதுதான் என்று சொல்லிக்கொடுத்தபடியே ஒப்பித்தார். இன்ஸ்பெக்டர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

நீதிபதி அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காகிதங்களைப் புரட்டினாள். “இந்த நம்பர் வேற யாரோ பேர்ல இருக்கே. உங்களுக்கு எப்படி வந்தது?”

“அது... கைமாறின வண்டிங்கம்மா.”

“யார் கையிலேர்ந்து?”

இன்ஸ்பெக்டர் இருமினார். ரொட்டிக்கடைக்காரர் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தார்.

“சொல்லத் தெரியலைன்னா நீங்கதான் முதல்ல திருடினீங்கன்னு ஆகும்,” என்றாள் நீதிபதி. “அவங்களோட நாலாவதா போய் நிக்க வேண்டியதுதான்.”

தையல்காரரின் அம்மா நல்ல மனசோடு சற்று ஒதுங்கி, கூண்டில் இடம் விட்டாள்.

ரொட்டிக்கடைக்காரர் அந்த இடத்தைப் பார்த்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைக் கை காட்டினார்.

“நான் எதுக்கும்மா திருடணும்? ஊர்ல எல்லாரும் வாங்குற இடத்துலதான் நானும் வாங்கினேன், இதோ இந்த ஐயாகிட்ட. வேணும்னா என் பேரைப் போட்டே எழுதிக்குங்க.”