பத்தொன்பதாவது தும்மல்

என் உடம்பில் எந்த விதிக்கும் கட்டுப்படாத உறுப்பு மூக்கு ஒன்றுதான். தாலுகா கச்சேரியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். எந்த மனு எந்த மேசைக்குப் போய் எந்த மேசையில் தூங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மூக்கைத்தான் எந்த மேசைக்கும் அனுப்பிவைக்க முடியவில்லை.

ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால், தென்காசியே குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்பும். நான் தும்மக் கிளம்புவேன். காய்ச்சல் கிடையாது, சளிக்கட்டு கிடையாது. ஆவணி முடிந்தால் தானாக நின்றுவிடும். இதற்கு ஒவ்வாமை என்று பெயர் என்பதை வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார். பூந்தாது பரம சாது. உடம்பின் காவல்தான் அதைப் பகைவன் என்று நினைத்துப் படை திரட்டுகிறதாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. புதிதாக வேலைக்கு வந்து பித்தளை வில்லை மாட்டிக்கொண்ட சேவகன், மனுக் கொடுக்க வந்த கிழவியை வாசலில் மடக்கிக் கூச்சல் போடுவான் அல்லவா? அதே அதிகப்பிரசங்கித்தனம். கிழவியால் ஒரு கெடுதலும் இல்லை. கச்சேரி கெடுவது அவன் கூச்சலால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஓயாமல் தும்முகிற குமாஸ்தாவுக்குச் சயரோகம் என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சிலேயே சுரண்டையில் ஒரு சம்பந்தம் போயிற்று, ஆலங்குளத்தில் ஒன்று போயிற்று. மூன்றாவது இலஞ்சி. பெண் பெயர் கோமதி. முருகன் கோயில் பக்கம் அவளை ஒரு தடவை பார்த்திருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த அம்மை குத்தும் நோட்டீஸை நாலைந்து பெண்களுக்கு உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள், நடுநடுவே அதிலிருந்த பிழைகளையும் திருத்தியபடி. இவள் இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அங்கேயே தீர்மானம் நிறைவேற்றிவிட்டேன்.

நிச்சயதாம்பூலத்தை ஆனியில் வைத்தார்கள். அதற்கு மாப்பிள்ளை போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பெரியவர்கள் தட்டு மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான். நான் போயே தீருவேன் என்று நின்றேன். (அவளை இன்னொரு தடவை பார்க்கத்தான், வேறென்ன?)

தும்மலுக்கு என்ன செய்வது? கச்சேரி மூளை வேலை செய்தது. எல்லாவற்றுக்கும் ஒதுக்கீடு இருப்பதுபோல ஒரு நாளைக்கு இவ்வளவு தும்மல் என்றும் ஓர் ஒதுக்கீடு இருக்கும். காலையிலேயே அதைச் செலவழித்துவிட்டால் சாயங்காலம் கையிருப்பு ஏது? தலைமைக் குமாஸ்தா அண்ணாச்சியின் மூக்குப்பொடி டப்பாவை இரவல் வாங்கிக்கொண்டு சிற்றாற்றங்கரையில் போய் உட்கார்ந்தேன். அறுபத்துமூன்று தும்மல். நாயன்மார் கணக்கு முடிந்தது என்று எழுந்தேன். (யாரும் செய்து பார்க்க வேண்டாம். புண்ணான மூக்குக்கு முன்னைவிட முன்கோபம் அதிகம்.)

இலஞ்சி வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். என் பக்கத்தில் அண்ணன். எதிரே கோமதியின் அப்பாவும் பெரியப்பாவும். பெரியப்பா சொல்வதுதான் அந்த வீட்டில் தீர்ப்பு. நடுவில், எனக்கு ஒரு முழ தூரத்தில் நிறைநாழி: நாழி நிறைய நெல், அதன்மேல் அன்று காலை விரிந்த தென்னம்பாளை. பார்க்க மங்களகரமாக இருந்தது. பொன் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டும் இருந்தது.

பெரியப்பா தாம்பூலத் தட்டைத் தூக்கினார். நான் தும்மினேன்.

ஒற்றைத் தும்மல் தடை என்று தட்டை இறக்கினார். இரண்டாவது வந்தது, இரட்டைக்குத் தோஷம் இல்லை, தட்டு ஏறியது. மூன்றாவதுக்கு இறங்கியது. நாலாவதுக்கு ஏறியது. தோட்டத்தில் ஏற்றம் இறைப்பதுபோல ஏறி இறங்கி, பதினேழில் வந்து மூக்கு நின்றது. தட்டு தரையில். கூடம் முழுக்க என் மூக்கையே பார்த்துக் காத்திருந்தது.

"இன்னும் ஒண்ணு போடுலே" என்று அண்ணன் விலாவில் இடித்தான்.

வரவில்லை. அறுபத்துமூன்றை ஆற்றோடு விட்டவனுக்கு ஆபத்துக்கு ஒன்று இல்லை. துணிந்து குனிந்தேன். பாளைக்குள் மூக்கை நுழைத்து ஓர் இழு இழுத்தேன். கேட்டது ஒன்று, வந்தது இரண்டு.

"பத்தொம்பது" என்றார் பெரியப்பா. பிறகு என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். "தம்பிக்கு நெஞ்சுல கோளாறு ஏதும் உண்டாய்யா? மறைக்காமச் சொல்லிரும்."

சுரண்டையிலும் ஆலங்குளத்திலும் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் கதவைச் சாத்தினார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை, பாளையைச் சற்று அப்பால் வைத்தால் சரியாகிவிடும் என்று அண்ணன் மன்றாடினான். தட்டு மாற்றுவதற்கு முன்னால் நிறைநாழியை அசைப்பது பத்தொன்பது தும்மலைவிடக் கெடுதல் என்றார் பெரியப்பா. கோமதியின் அப்பா எழுந்திருப்பதற்காகத் துண்டை உதறினார்.

அப்போது அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து கோமதியின் குரல் வந்தது.

"பாளைய எடுக்கக் கூடாதுன்னா மாப்பிள்ளைய எடுங்களேன். மூக்கப் பூவுகிட்ட கொண்டுபோனாத்தான தும்முதாக. நெஞ்சுக் கோளாறுன்னா இருமல்லா செய்வாக."

கல்யாணப் பெண் கூடத்துக்குக் கேட்கும்படி பேசுவதற்கு அந்தக் காலத்தில் விதியில் இடமே இல்லை. பெரியப்பா கதவைப் பார்த்தார், பாளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எடுங்க" என்றார்.

அண்ணனும் கோமதியின் அப்பாவும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து என்னைப் பின்பக்க மாட்டுத் தொழுவத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். தொட்டித் தண்ணீரில் முகத்தையும் மூக்கையும் கழுவினேன். பெரியப்பா வந்து, கால்மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு தும்மல் இல்லை. திருப்தியோடு உள்ளே போனார். உள்ளே பெண்கள் குரவையிடும் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு நிச்சயமாகிவிட்டது என்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற எருமைதான் என்னை முதலில் வாழ்த்தியது.

கல்யாணத்துக்குப் பிறகு மூக்கின் நிர்வாகம் கோமதி கைக்குப் போயிற்று. வெளியே போய் வந்தால் முகம் கழுவி வேட்டி மாற்ற வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புக் கரைத்து மூக்கை அலச வேண்டும். காற்றுக் காலத்தில் காலைவேளையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. மூக்குப்பொடி, சாம்பிராணிப் புகை இரண்டுக்கும் தடையுத்தரவு. சீசன் நாளில் அருவியில் தலை நனையக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழையலாம். தும்மல் ஒழிந்துவிடவில்லை, பாதியாகக் குறைந்தது. சேவகனை வேலையை விட்டு நீக்க முடியாது. கிழவியை வாசல் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் புது பீரோ வாசலுக்குள் நுழையாவிட்டால்கூட, "மாப்பிள்ளைய எடுங்க" என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் மகளின் நிச்சயதாம்பூலத்தன்று நிறைநாழி கூடத்துக்கு வருவதற்கு முன்பே என் நாற்காலி புறவாசலுக்குப் போய்விட்டது. பெண்ணின் அப்பா எங்கே என்று சம்பந்தி விசாரித்தார்.

"அவுக இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்காக" என்று கோமதி சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல் வந்து தொலைத்தது. கூடத்தில் பேச்சு நின்றது. தட்டு பாதியில் நிற்பது எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. மூக்கைச் சுளித்தேன், வெயிலைப் பார்த்தேன்; ஒன்றும் வரவில்லை. இரண்டாவதை வாயாலேயே போட்டேன்.