பெருவிரல் மகான்

விடிந்தும் விடியாததுமாகக் கூடம் நிரம்பிவிட்டது. நொண்டிக்கொண்டு வந்தவர்கள் முன்வரிசையில். நாளைக்கு நொண்டினால் என்ன செய்வது என்ற முன்யோசனையோடு நன்றாக நடந்து வந்தவர்கள் பின்வரிசையில். எல்லோரும் காத்திருந்தது ஒரே ஆளுக்காக. கீல்வாதக்காரர்களின் கால் பெருவிரலிலிருந்து யூரிக் அமில உப்பை வெறும் கையால் பிழிந்தெடுக்கும் பெருவிரல் மகானுக்காக! மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம், மூளை அறவே வேண்டாம்.

மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. ஊசி ஊசியாக யூரிக் அமிலப் படிகங்களின் படம். கீழே, ‘வலி தானே அடங்கிவிடும் – மருத்துவ ஆய்வே ஒப்புக்கொண்டது!’

கடைசி வரிசையில் கணவரோடு நின்றிருந்த மருத்துவ ஆய்வாளருக்கு அதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. படம் அவளுடையது. நுண்நோக்கியில் கண் பூத்துப்போகும்வரை உட்கார்ந்து எடுத்தது. வாக்கியமும் அவளுடையதுதான், ஆனால் பாதி. அவள் வெளியிட்ட கட்டுரையில் மீதியும் இருந்தது: ‘ஆனால் படிகங்கள் உள்ளேயே தங்கி மூட்டுகளை அரிக்கும், ஆகவே மாத்திரையை நிறுத்தக்கூடாது.’ மகான் அதைக் கச்சிதமாகக் கத்தரித்துவிட்டார்.

முன்வரிசையில் அவளுடைய அண்ணன். தையல்காரர். இடது கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அவள் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

“அண்ணே, மாத்திரை சாப்பிடுறியா இல்லையா?”

“தூக்கிப் போட்டாச்சு. போன தடவை மகான் தொட்டாரு, கொஞ்ச நாள்ல வலி பறந்துடுச்சு.”

“தொடாம இருந்திருந்தாலும் பறந்திருக்கும். அதைத்தானே நான் எழுதினேன்?”

“நீ எழுதினே. அவரு செஞ்சு காட்டினாரு.”

“அப்புறம் ஏன் மறுபடி வந்திருக்கே?”

“அது வலது கால். இது இடது கால். இது வேற உப்பும்மா!”

அவளுக்கு அழுகையும் வந்தது, அறையலாம் போலவும் இருந்தது. உப்பு சேர்ந்து சிறுநீரகம் கெட்டுப்போனால் எந்த மகான் பிழிவார்? திரும்பிக் கணவரைப் பார்த்தாள். பேருந்துப் பட்டறையில் மெக்கானிக் அவர். கண்ணைச் சிமிட்டிவிட்டு, விந்தி விந்தி மேடைக்கு நடந்தார்.

வீங்கிய விரலில் போர்வை பட்டாலே உயிர் போய்விடும் என்பதால், நோயாளி ஷூவைக் கழற்ற வேண்டாம் என்பது மகானின் கருணை. அவருடைய சக்தி தோலையும் துளைக்கும், ரப்பரையும் துளைக்கும்.

“எந்தக் கால் மகனே?”

“இடது கால் சாமி. அந்த விரல் என்னோடதே இல்லைங்கிற மாதிரி இருக்கு.”

“பத்து வருஷத்து உப்பு! ராத்திரியெல்லாம் குத்துமே?”

“இல்ல சாமி. ராத்திரி கழட்டி மூலையில வெச்சுட்டுத் தூங்கிடுவேன்.”

ஷூவைச் சொல்கிறான் என்று மகான் நினைத்துக்கொண்டார். வெள்ளைத் துண்டை ஷூவின் மேல் போர்த்தினார். கண்ணை மூடினார். முனகினார். பிழிந்தார். கீழே வைத்திருந்த தட்டில் பொலபொலவென்று வெள்ளைத் துகள் கொட்டியது.

“இறங்கிடுச்சு!” என்று கூட்டம் அலறியது.

மெக்கானிக் நிதானமாகக் கால்சட்டையை மேலே சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே இரண்டு வார்ப்பட்டைகள். அவிழ்த்தார். ஷூவோடு சேர்ந்து கால் கையில் வந்துவிட்டது.

“இது பிளாஸ்டிக் சாமி. இதுல எப்படி உப்பு ஊறுச்சு?”

ஆய்வாளர் நிம்மதியாக மூச்சுவிடப்போன நேரம், ஒரு பக்தர் எழுந்தார்.

“பிளாஸ்டிக்லேயே உப்பெடுக்குறாருன்னா எப்பேர்ப்பட்ட சக்தி!”

கைதட்டல்!

அவளுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் விடவில்லை. தட்டைப் பிடுங்கிக்கொண்டு, “யூரிக் அமிலப் படிகம் சாதாரணத் தண்ணியில லேசுல கரையாது. பாருங்க!” என்று கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். எல்லாம் கரைந்து காணாமல் போயின. தட்டை நேராக அண்ணனிடம் நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கி விரலை விட்டு நக்கினார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“சர்க்கரை!”

“உப்பையே இனிப்பாக்கிட்டாரு!” என்றார் அதே பக்தர்.

அண்ணன் வலியை மறந்து எழுந்துவிட்டார். “யோவ்! விரல்ல சர்க்கரை விளையுமாய்யா? விளைஞ்சா நான் ஏன் தையல் மிஷினை மிதிச்சுக்கிட்டுக் கிடக்குறேன்? சர்க்கரை ஆலையே வெச்சிருப்பேனே!”

எங்கோ ஒருவர் களுக்கென்றார். பிறகு கூடமே சிரித்தது. திட்டியிருந்தால் மகான் சாபம் கொடுத்துத் தப்பித்திருப்பார். சிரிப்புக்கு அவரிடம் மந்திரம் இல்லை. துண்டை உதறிக் காட்டச் சொல்லி நான்கு பேர் மேடையேறினார்கள். மடிப்பிலிருந்து ஒரு சின்னப் பை விழுந்தது. மகான் பின்வாசல் வழியாக ஓடினார். கீல்வாதமே இல்லாத கால்கள் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்றைக்கு எல்லோரும் கண்ணாரக் கண்டார்கள்.

அண்ணனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரகம் கொஞ்சம் அடி வாங்கியிருந்தது. நல்லவேளை, கொஞ்சம்தான். முதல் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

“உன் கட்டுரையை நான் படிச்சிருக்கணும்மா.”

“பரவாயில்லை அண்ணே. முழுசாப் படிச்சவரு அந்த மகான் ஒருத்தர்தான். அதனாலதான் எதை வெட்டணும்னு அவருக்குத் தெரிஞ்சது.”

அந்தக் கூடத்தில் இப்போது முழங்கை மகான் ஒருவர் வந்து இறங்கியிருப்பதாகக் கேள்வி. கூட்டம் தாங்கவில்லையாம். போகிறவர்கள் போங்கள். வலிக்கிற இடத்தோடு கூடவே தலையையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்கள். அது கழுத்துக்கு மேலேதான் இருக்கிறது. ரொம்ப தூரம் தேட வேண்டியதில்லை.