ராகு காலத்தை வாடகைக்கு விட்டவர்

பிள்ளைகளே, மலாக்கா டவுனில் நல்ல நாள் கெட்ட நாளை எல்லாம் கிரகங்கள் முடிவு செய்யவில்லை. காஜா பெராங்கில், நகராண்மைக் கழகத்துக்குச் சொந்தமான பொது மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு காலண்டர் அண்ணன்தான் முடிவு செய்தார். அவரைக் கேட்டுத்தான் சனி பெயர்ந்தது என்று யாராவது சொன்னாலும் நான் நம்புவேன்.

மண்டபத்துக்குக் காவல், கூட்டுவது, வாடகைக்கு விடுவது எல்லாம் அவர்தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் மேசைக்குப் பின்னால் நாலு காலண்டர் தொங்கும்: தமிழ், சீனம், மலாய், மாதா கோயிலில் கொடுத்தது ஒன்று. மண்டபம் கேட்டு யார் வந்தாலும் நாலையும் புரட்டுவார். ஏதாவது ஒன்றில் ஆகாத நாள் என்று இருந்தால் போதும், கதவு திறக்காது.

மகன் கல்யாண விருந்துக்கு ஒரு சீன முதலாளி வந்தார். "அன்னைக்கு எங்களுக்கு அஷ்டமி, முதலாளி" என்று அண்ணன் அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் தெங்கேராவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. "சீனருக்குப் பேய் மாசம் நடக்குது, முடியாது" என்றார்.

"அண்ணே, சீனருக்குப் பேய் மாசம்னா நமக்கென்ன?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார்.

"மண்டபத்துக்குள்ள வர்ற பேய், நீ தமிழனா சீனனான்னு விசாரிச்சுட்டா பிடிக்கும்?"

எதிரே இருந்த சைக்கிள் கடையில்தான் அப்போது எனக்கு வேலை. ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன், "ஏண்ணே இப்படி வந்தவங்களை எல்லாம் விரட்டுறீங்க?"

"இங்க தாலி கட்டிட்டு நாளைக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா ஊரு யாரைச் சொல்லும்? மண்டபம் ராசியில்லைன்னு சொல்லும். அதுக்கா நான் தினமும் தேங்காய் மட்டையால தரையைத் தேய்க்கிறேன்?"

ஆக, மண்டபத்துக்கு ராசி இருந்தது. வருமானம்தான் இல்லை.

ஒருநாள் நகராண்மைக் கழகத்தின் பெரிய குமாஸ்தா, அதாவது தலைமைக் கிராணி, வந்தார். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தார்.

"என்னய்யா, இங்க மனுசனைவிட வௌவால்தான் அதிகமா வந்து போகும் போல! லைட்டு எரியற செலவுக்குக்கூட வரும்படி இல்ல. வருசம் முடியறதுக்குள்ள மண்டபம் தன் செலவைத் தானே பார்த்துக்கணும். இல்லேன்னா ரோட்டுக்குப் போடற தார் டிரம்மை எல்லாம் இங்க அடுக்கிடுவோம், ஆமா!"

அவர் போன பிறகு காலண்டர் அண்ணன் அந்தப் பளபளத்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேல் தார் டிரம்மை உருட்டினால் எப்படி இருக்கும்! ஊருக்கும் கவலைதான். சின்ன வீட்டுக்காரர்களுக்குக் கல்யாணம் காட்சி என்றால் வேறு இடம் ஏது?

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் நாலைந்து பேர் பூப்பந்து மட்டையோடு போய் நின்றோம். வெளியே ஆடினால் கடற்காற்று பந்தைப் பக்கத்து வீட்டுக் குழம்புச் சட்டிக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

"சாயங்காலமா? நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். போங்கடா" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "அண்ணே, நாங்க தாலியா கட்டப் போறோம்? ஆட்டம்னா யாராவது ஒருத்தன் தோத்துத்தானே ஆகணும்? தோக்கிறதுக்கு நல்ல நேரம் எதுக்கு?"

அண்ணன் எழுந்தார், உட்கார்ந்தார், திரும்பவும் எழுந்தார். "அட, ஆமா லா!" என்று சாவியை எடுத்தார்.

அன்று திறந்த கதவுதான். ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்கிற காரியம் எதுவென்று காஜா பெராங் முழுக்கத் தேடிப்பிடித்தார். பூப்பந்து, குத்துச்சண்டை, பேச்சுப்போட்டி, சாமான் ஏலம் எல்லாவற்றுக்கும் ராகு காலம், எமகண்டம் பார்த்துக் கொடுத்தார். மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்த சமயம் அது. நாலு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம், ஐந்தாவது ஆள் வந்தால் எதிர்ச்சங்கம். எல்லாவற்றுக்கும் தேர்தல், எல்லாத் தேர்தலும் எங்கள் மண்டபத்தில்.

ஒரு சங்கத்தில் தலைவர் பதவிக்கு நின்று தோற்றவர் நேராக அண்ணனிடம் வந்து கத்தினார். "எல்லாம் உம்மாலதான்! கெட்ட நேரமாப் பார்த்துக் கொடுத்துட்டீரே!"

"ஜெயிச்சவருக்கும் அதே நேரத்தைத்தானே கொடுத்தேன்? அவரு வந்து கத்தலையே!"

மண்டபத்து வௌவால்கள் வீடு மாறிப் போய்விட்டன. ஆனாலும் கல்யாணத்துக்கு மட்டும் அவர் பழைய கணக்குதான். திரும்பிப் போனவர்கள் மனுப் போட்டார்கள். தலைமைக் கிராணி மறுபடி வந்தார். "வரும்படி பரவாயில்ல. ஆனா இது பொதுச் சொத்து. இனி ஒரு குடும்பம் இங்கிருந்து திரும்பிப் போச்சுன்னு கேள்விப்பட்டேன், அடுத்த நாள் தார் டிரம் வந்து இறங்கும்."

அதற்குப் பிறகு முதலில் மண்டபம் கேட்டுப் போன குடும்பம் யார் தெரியுமா? நான்தான், என் கல்யாணத்துக்கு. உங்கள் அம்மாவை வளர்த்த அவள் அண்ணனுக்குப் பட்டாளத்தில் கிடைத்த லீவு ஆடி மாதத்தில். அதிலும் செவ்வாய்க்கிழமை, அதிலும் அஷ்டமி. ஐயரைக்கூட எப்படியோ சம்மதிக்க வைத்துவிட்டோம். மீதி இருந்தது காலண்டர் அண்ணன்.

நாலு காலண்டரையும் புரட்டினார். வேர்த்தது. முடியாது என்றால் மண்டபம் போச்சு. சரி என்றால் அவர் மனசு போச்சு. கடைசியில் என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, கல்யாணமும் ஒரு ஆட்டம்தான். அதுலயும் ஒருத்தர் தோத்துத்தான் ஆகணும். நீயே தோத்துக்கிட்டு இரு. எந்த நாளும் ஒண்ணும் பண்ணாது."

சாவியைக் கொடுத்துவிட்டார். ஆடிச் செவ்வாயில் தாலி கட்டினேன். ஆடியிலேயே கதவு திறந்தது என்று கேள்விப்பட்டு எல்லா இனத்தாரும் எல்லா நாளுக்கும் வந்தார்கள். தார் டிரம் வேறு இடம் தேடிப் போயிற்று.

ஆனால் அண்ணனுக்கு உள்ளூரப் பயம் போகவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சைக்கிளில் வந்து எங்கள் வீட்டு வாசலில் நிற்பார். "சண்டை கிண்டை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பார். இல்லை என்றதும் அந்த முகம் மலரும் பாருங்கள்! அதைப் பார்ப்பதற்காகவே, எந்தச் சண்டையாக இருந்தாலும் நானும் உங்கள் அம்மாவும் வியாழக்கிழமைக்குள் முடித்துக்கொள்வோம்.