பாயில் அமர்ந்த மன்னர்கள்

வரைபடம் வரைவோர் வெட்கத்தினால் விட்டுவிட்ட நாடு ஒன்று உண்டு. மாண்பகம் என்பது அதன் பெயர். மாண்பு அந்நாட்டின் பெயரில் இருந்தது. அதனை வேறெங்கும் தேட வேண்டிய தேவை குடிமக்களுக்கு ஏற்படாதவாறு அரசு பார்த்துக்கொண்டது.

அதன் தலைநகரம் பொன்மாடம். மிகப் பெரிய நகரம். ஆண்டு முழுவதும் உழைத்துக் களைக்கும் அந்நகரம் இளவேனில் வந்தால் ஆடும். வேப்பம்பூ மணம் சாக்கடை நாற்றத்தை வெல்லும் அச்சில வாரங்களில் எவரும் வீட்டுக்குள் தங்குவதில்லை. ரயில் பாலத்தின் அடியில் பறை முழங்கும். பேருந்துப் பணிமனைச் சுவரில் சிறுமியர் மயில் வரைவர். அடுக்ககங்களின் மொட்டை மாடிகளில் பாவைக்கூத்து நடக்கும். ஓட்டுநர், கணக்கர், செவிலியர், மூட்டை தூக்குவோர் என அனைவரும் அந்நாள்களில் கலைஞரே. இதற்கென்று எவரும் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை.

பங்குனி முழுநிலவன்று மாலையில், விழாவின் முடிவாகப் பாய்க்கூத்து நடைபெறும். குடவோலையில் எத்தெருவின் பெயர் வருகிறதோ, அத்தெருவின் நடுவில் ஒரு நாற்காலியும் ஒரு கோரைப்பாயும் இடப்படும். தெருவாசி ஒருவர் மன்னர் வேடமிட்டு நாற்காலியில் அமர்வார். உண்மையான மன்னர் முடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயில் அமர்வார். தெருவின் குறை முறையிடப்படும். நாற்காலியில் இருப்பவர் அதனைத் தீர்க்க ஆணையிடுவார்; பாயில் இருப்பவர் அவ்வாணையை அடுத்த இளவேனிலுக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றத் தவறினால் அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும். மாண்பகத்தில் எழுதப்பட்ட சட்டங்கள் ஏராளம். ஆனால், மீறப்படாமல் இருந்தது எழுதப்படாத இஃதொன்றே.

அவ்வாண்டு குடவோலை ஈயக்காரத் தெருவின் பெயரைத் தந்தது.

அத்தெருவின் வழியாகத் தோல் பதனிடும் ஆலை ஒன்றின் கழிவு வாய்க்கால் ஓடியது. அதன் நீர் ஒருநாள் நீலமாகவும் ஒருநாள் செந்நிறமாகவும் இருக்கும். அச்சகத்தில் தாள் மடிக்கும் வேலை பார்த்த தைலம்மை என்னும் பெண்மணி அவ்வாய்க்காலை ஒட்டிய வீட்டில் வாழ்ந்தார். மூத்த மகளைக் கடந்த மழைக்காலத்தில் கொப்புளங்களுடன் வந்த காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டவர். இளைய மகள் அல்லியின் உடலிலும் இப்போது அதே கொப்புளங்கள் தோன்றியிருந்தன. முறையிடப்போவது தைலம்மை என்றும், மன்னர் வேடமிடப்போவது சைக்கிள் கடை மாசிலாமணி என்றும் தெரு முடிவுசெய்தது. ஒத்திகை தொடங்கியது.

"அண்ணே, ராசா மாதிரி நிமிந்து உக்காருங்க. பஞ்சர் பாக்குற மாதிரி குனிஞ்சு உக்காந்தா எவன் பயப்படுவான்?" என்றார் தைலம்மை.

"நாற்காலியைப் பாத்து யாரும்மா பயப்படுறது? பாயில உக்காந்திருக்கிறவருதான் பயப்படணும்," என்றார் மாசிலாமணி. கூடியிருந்தோர் சிரித்தனர்.

"வாய்க்காலத் திருப்பி விடுங்கன்னு ஒத்த வரி. அதையாச்சும் தடுமாறாமச் சொல்லிடுவீங்களா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அல்லிக்கு இப்ப எப்படித் தாயி இருக்கு?"

"தோல் உரியுது அண்ணே. தண்ணி பட்டாலே அழுவுறா."

அதன் பின்னர் எவரும் சிரிக்கவில்லை. ஒத்திகை மட்டும் தொடர்ந்தது.

இச்செய்தி அரண்மனைக்கு எட்டியது. கலை பண்பாட்டு அமைச்சர் வாகீச பூபதி விரைந்து சென்று மன்னர் செம்பொற்சோதியாரின் முன் நின்றார்.

"மன்னர் பெருமானே! வாய்க்காலைத் திருப்பினால் ஆலை நின்றுவிடும். ஆலை நின்றால் அதன் உரிமையாளராகிய என் மைத்துனர் வருந்துவார். மைத்துனர் வருந்தினால் நாடு வருந்தும்."

"கூத்தைத் தடைசெய்துவிடலாமா?" என்று மன்னர் வினவினார்.

"ஐயகோ! தடை என்பது பண்பற்ற அரசுகளின் வழி. நாம் கலையைப் பாதுகாப்போம், பெருமானே. நம்மால் பாதுகாக்கப்பட்ட எதுவும் இதுவரை எழுந்து நின்றதில்லை."

அன்றே கலைப் பாதுகாப்பு ஆணை பிறந்தது. பாலத்தடியில் முழங்கிய பறைகள், ஓசையின் தரத்தை அறியும்பொருட்டு அரசுக் கிடங்குக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அறிவோர் எவரும் கிடங்கில் இல்லாமையால் அங்கேயே இருந்தன. சுவர்களில் இருந்த மயில்களின் மேல் வெள்ளை பூசப்பட்டு, 'கலையை வளர்ப்போம்' என்று எழுதப்பட்டது. பாவைக்கூத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்பதைப் பார்வையாளர் உற்றுநோக்கலாகாது என்று தனிவிதி ஒன்றும் சேர்க்கப்பட்டது. தகுதியற்றோர் மன்னர் வேடம் புனைவது கலைக்கு இழுக்கு ஆதலால், அவ்வேடத்துக்குத் தேர்வு நடத்தப்பட்டது.

மாசிலாமணி தேர்வுக்குச் சென்றார். அலுவலர் அவரை அறைக்குள் முன்னும் பின்னும் நடக்கச் செய்தார்.

"உமது நடையில் உழைப்பின் சாயல் தெரிகிறது. மன்னர் நடையில் அது வரலாகாது."

"ஏன் ஐயா, ராசா வேலையே செய்ய மாட்டாரா?"

"இதுவும் தவறான விடை," என்று கூறி, அலுவலர் அவரை வெளியே அனுப்பினார்.

இரண்டாம் ஆணை அடுத்த வாரமே வந்தது. தெருக்கூத்தைத் தெருவில் நடத்துவது அக்கலையைத் தெருவில் விடுவதற்கு ஒப்பாகும் என்று அமைச்சர் கண்ணீர் மல்கக் கூறினார். ஆகவே, பாய்க்கூத்து பண்பாட்டு மாளிகைக்கு மாற்றப்பட்டது. குளிரூட்டப்பட்ட மாளிகை அது. காலணியின்றி வருவோர்க்கு அங்கே இடமில்லை என்பதனை ஈயக்காரத் தெரு பிறகே அறிந்தது. தெருவார் ஒருவரிடமிருந்து ஒருவர் செருப்பை இரவல் வாங்கினர்.

மக்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. அதற்கு மருந்தாக மூன்றாம் ஆணை வந்தது. மன்னர் வேடத்துக்கு உரியவரை இனி மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர்! நகரம் துள்ளிக் குதித்தது. மாசிலாமணியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவார் வேட்புமனு கொடுக்கச் சென்றனர். வாயிலில் நின்ற அலுவலர் ஒரே ஒரு நிபந்தனையைத்தான் கூறினார்.

"வேட்பாளர் சொந்தமாக முடி வைத்திருத்தல் வேண்டும். அட்டையால் செய்தது செல்லாது."

மாண்பகத்தில் சொந்தமாக முடி வைத்திருந்தவர் ஒருவரே. அவர் போட்டியின்றித் தேர்வானார். எனினும், வாக்களிப்பது கடமை என்று கற்பிக்கப்பட்டிருந்த மக்கள் வெயிலில் வரிசையில் நின்று, இருந்த ஒரு பெயருக்கு வாக்களித்து, மை தடவிய விரலை உயர்த்திப் படமும் எடுத்துக்கொண்டனர்.

மன்னரே மன்னராக நடிப்பார் என்பது முடிவாயிற்று. நாற்காலியில் மன்னர் அமர்ந்தால் பாயில் யார் அமர்வது என்று அவையில் ஒருவர் ஐயம் எழுப்பினார். அமைச்சர் புன்னகைத்தார்.

"மக்கள்! மக்களே இந்நாட்டின் மன்னர்கள் என்று எத்துணைக் காலமாக மேடைதோறும் கூறி வருகிறோம்! இவ்வாண்டு அவர்களை உரிய இடத்தில் அமர்த்துவோம்."

அந்த அறிவிப்பைக் கேட்டு அழாதவர் இல்லை. மாளிகையின் தளம் முழுவதும் பாய் விரிக்கப்பட்டது. முழுநிலவன்று அந்தி சாய்வதற்கு முன்னரே அது ஈயக்காரத் தெருவாரால் நிரம்பிவிட்டது.

"ஏய், கொஞ்சம் நகருடா. மன்னர் உக்காரணும்!"

"நீ எந்த ஊரு மன்னன்? நானும் மன்னன்தான், நகர முடியாது போ."

"யோவ் மன்னா, என் சேலைய மிதிக்காத!"

மாசிலாமணி மட்டும் பாயின் ஓரத்தைத் தடவியபடி இருந்தார். "பாய் நல்லாத்தான் இருக்கு தைலம்மை. ஆனா, இதுல உக்காந்த எந்த ராசாவும் சிரிச்சு நான் பாத்ததில்லை."

"யாரு சொன்னா என்ன அண்ணே, யாரு உக்காந்தா என்ன? வாய்க்கால் திரும்பினாப் போதும்," என்றார் தைலம்மை. அல்லி அவருடைய மடியில் ஈரத்துணி சுற்றிப் படுத்திருந்தாள்.

திரை விலகியது. மன்னர் செம்பொற்சோதியார் மன்னராக வந்து அமர்ந்தார். தைலம்மை அல்லியைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார். மனப்பாடம் செய்திருந்த சொற்கள் அனைத்தும் அவருக்கு மறந்துபோயின. குழந்தையின் மேலிருந்த துணியை விலக்கிக் காட்டினார், அவ்வளவே செய்தார்.

மன்னர் எழுந்தார். அவருடைய கண்ணீர் உரிய இடத்தில் வந்தது.

"என் மகளே! வாய்க்காலைத் திருப்புவது மட்டும் போதுமா? ஈயக்காரத் தெருவுக்குச் சலவைக்கல் பதித்த புதிய வாய்க்கால்! அதன் கரையில் ஒரு மருத்துவமனை! மருத்துவமனையின் முன் ஒரு நீரூற்று! அடுத்த இளவேனிலுக்குள் இவை யாவும் எழுதல் வேண்டும். இஃது என் ஆணை!"

மாளிகை அதிர்ந்தது. பாயில் இருந்தோர் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். ஒத்த வரி கேட்கச் சென்ற தைலம்மை, மருத்துவமனையும் பெற்றவராய், மன்னரின் காலில் விழுந்து எழ மனமின்றிக் கிடந்தார். காவலர் இருவர் அவரை மரியாதையாகத் தூக்கி நிறுத்தினர்.

மறுநாள் காலையில் ஈயக்காரத் தெருவுக்கு ஒரு வண்டி வந்தது. அதில் மண்வெட்டிகளும் கடப்பாரைகளும் இருந்தன. உடன் வந்த அலுவலர் மிகுந்த பணிவுடன் பேசினார்.

"நேற்று நாற்காலியில் அமர்ந்து ஆணையிட்டவர் யார்?"

"நம்ம மகாராசா," என்றனர் தெருவார், பூரிப்புடன்.

"பாயில் அமர்ந்தவர்?"

"நாங்கதான்!"

"பாயில் அமர்ந்தவரே ஆணையை நிறைவேற்ற வேண்டும் என்பது உங்கள் முன்னோரின் மரபு. மரபில் கைவைக்க இவ்வரசுக்கு மனமில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்." மண்வெட்டிகள் இறக்கப்பட்டன.

"அப்போ ராசா என்னதான் செய்வாரு?" என்று மாசிலாமணி கேட்டார்.

"தம் பங்கை அவர் நேற்றே முடித்துவிட்டார். ஆணையிட்டாரே!"

வேலை தொடங்கியது. ஆலையின் மதிலைத் தொடலாகாது என்றனர்; ஆகவே, புதிய வாய்க்காலைத் தெருவின் ஊடாகவே தோண்ட நேர்ந்தது. மாசிலாமணியின் கடை முதலில் இடிக்கப்பட்டது. சலவைக்கல் எங்கே கிடைக்கும் என்று கேட்டோர்க்கு, அது மன்னர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி என்று விடை கிடைத்தது. தோண்டுவதற்காக ஒவ்வொருவரும் தத்தம் வேலையை விட்டனர். தைலம்மை அச்சகத்துக்குப் போவதை நிறுத்தினார். அதுகாறும் ஓர் ஓரமாக ஓடிய நச்சுநீர், பாதி வெட்டிய பள்ளங்களில் பரவி, ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் தேங்கியது. பின்னர் மழை வந்தது.

மழையின் நடுவில் அல்லி இறந்தாள். அவளைப் புதைத்த மண்வெட்டி அரசுக்கு உரியது. அதனைக் கழுவித் திருப்பித் தருமாறு கேட்டு அலுவலர் வாசலில் நின்றார். தைலம்மை அதனைக் கழுவினார். கழுவுவதற்கு அவ்வாய்க்கால் நீரே இருந்தது.

இளவேனில் திரும்பி வந்தபோது வாய்க்கால் முடியவில்லை. மருத்துவமனைக்குக் கடைக்காலும் இல்லை. வாக்குத் தவறிய மன்னர்கள் அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும் என்பது மரபாதலால், ஈயக்காரத் தெருவார் தத்தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். காலியான இடத்தில் ஆலை தன் மதிலை நகர்த்திக்கொண்டது. மன்னர் செம்பொற்சோதியார் ஆறாத் துயருடன் வானொலியில் பேசினார்: "யாம் கொடுத்தது பொன். பாயில் அமர்ந்தோர் அதனை மண்ணாக்கினர். எனினும், யாம் அவர்களை மன்னித்தோம்."

நகரம் முழுவதும் அவ்வுரையைக் கேட்டு உருகியது. "எவ்ளோ அள்ளிக் குடுத்தாரு மனுசன்! வாங்கத் தெரியாத சனம்," என்று தேநீர்க் கடைகளில் பேசிக்கொண்டனர்.

அவ்வாண்டின் குடவோலை கூடைக்காரத் தெருவின் பெயரைத் தந்தது. அத்தெருவில் குடிநீர் இல்லை. அவர்கள் சார்பில் முறையிடவிருந்த வடிவாம்பாள் என்பவர், இடுப்பில் குழந்தையுடனும் துணைக்குச் சில பெண்களுடனும், ரயில் பாலத்தின் அடியில் குடியிருந்த தைலம்மையைத் தேடி வந்தார்.

"அக்கா, போன வருசம் நீ எப்படி அழுத? அதக் கொஞ்சம் சொல்லித் தாயேன். ஒண்ணு கேட்டா மூணா அள்ளி விட்டாரே! எங்களுக்கு ஒரு கிணறு போதும்."

தைலம்மை அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ஓராண்டு நிரம்பியிருக்கலாம். வடிவாம்பாளின் காதணியைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"கேக்காதீங்க," என்றார் தைலம்மை.

"என்னக்கா?"

"கேக்காதீங்கம்மா. கேட்டா குடுத்துடுவாரு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பாலத்தின் மேல் ரயில் ஒன்று போயிற்று. அது போகும்வரை காத்திருந்துவிட்டு அவர்கள் திரும்பி நடந்தனர்.

"பாத்தியா பொறாமைய? தனக்குக் கிடைச்சது அடுத்தவளுக்குக் கிடைச்சிடக் கூடாதாம்!" என்றாள் ஒருத்தி.

"விடுடி. சீக்கிரம் நட. நேரமாச்சுன்னா பாயில இடம் கிடைக்காது," என்றார் வடிவாம்பாள்.