மூத்த தாரத்துக்கு அலங்காரம்

கல்யாணமான மனிதன் ஆயுளில் ஒரு முறையாவது மனைவியிடம் ஜெயித்துவிட வேண்டும். எனக்கு அந்த முறை போன மாதம் வந்தது. வந்தது என்றுதான் நினைத்தேன்.

விவகாரம் எங்கள் காரைப் பற்றியது. வயது பதினாறு. கல்யாணமான முதல் வருடம், ஆசை மயக்கத்தில், அவள் பெயரிலேயே பதிவு செய்து வாங்கினேன். பெயர்தான் அவளுடையது. கார் என்னுடையது. துடைப்பது நான், தட்டிக்கொடுப்பது நான், ஓட்டுவது நான். தள்ளுவது மட்டும் அவள். மூன்று வருடமாகக் காலையில் அது தானாகக் கிளம்புவதில்லை. பாதித் தெரு வரை அவள் தள்ளினால்தான் உறுமும். மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்பாள். என் காரை எனக்குப் பார்க்கத் தெரியும் என்பேன். அதனால் அவள் காருக்கு 'உங்க மூத்த தாரம்' என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒரு மழை நாளில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது தள்ளிவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு ஏறி உட்கார்ந்தாள். கத்தவில்லை. அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"இதை வித்துடலாங்க."

"இதோட அருமை உனக்குத் தெரியலை. நாலு பேர் பார்த்தா ஏங்கிப் போவாங்க."

"பம்பர் உங்க தலை மாதிரி நரைச்சுப் போச்சு. டயர் கருப்பா பழுப்பான்னு பட்டிமன்றம்தான் வைக்கணும். நாலு பேர் வேண்டாம். ஒரே ஒரு மனுஷன் இதைப் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லட்டும். அப்புறம் விக்கற பேச்சையே நான் எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஒரு மாசம் டைம்."

அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பெயிண்டர் அண்ணனிடம் ஓடினேன். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் வேலை பார்ப்பவர். வந்து பார்த்து, பெயிண்ட் எதுவும் வேண்டாம், வெளுத்துப்போன ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கருப்பு திரும்ப வருவதற்கு ஒரு பாலிஷ் இருக்கிறது, பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் போதும் என்றார்.

என் கண் பஞ்சில் இல்லை. அவர் பட்டறையில் முன்பு பார்த்த ஸ்ப்ரே துப்பாக்கியில் இருந்தது. டயருக்கும் பம்பருக்கும் பெரியது ஒன்று, ஏசி காற்று வரும் இடுக்கு போன்ற சந்துபொந்துகளுக்குப் பேனா மாதிரி சின்னது ஒன்று. காற்றடிக்கிற மோட்டாரோடு மறுநாளே வாங்கிவிட்டேன். அண்ணன் அஞ்சு விஷயம் சொன்னார். காற்றைக் குறைச்சு வை. கண்ணாடியையும் பிரேக்கையும் மூடு. மெல்லிசா அடி. மிச்சத்தைத் துணியால் துடைச்சு எடு. ஸ்டீயரிங், பெடல் பக்கம் போகவே போகாதே. அஞ்சுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்குப் பதினாறு வருட அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரை முழு வேகத்தில் வைத்தேன். மூடுகிற வேலையெல்லாம் கோழைகளுக்கு. விசையை அழுத்தினதும் வாசல் முழுக்க ஒரே பனிமூட்டம். மூட்டம் கலைந்தபோது டயர் மின்னியது. பம்பர் மின்னியது. கூடவே முன் கண்ணாடி, மிதியடி, மூன்று ஜோடிச் செருப்பு, தொட்டியில் இருந்த செடி எல்லாம் மின்னின. அண்ணன் வீட்டுப் பூனையும் ஒரு பக்கம் மட்டும் மின்னியபடி ஓடியது. பெருமையாக ஓரடி பின்வாங்கினேன். அங்கே தரையும் மின்னிக்கொண்டிருந்தது. கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சத்தம் கேட்டு அவள் வந்தாள். மல்லாந்தபடியே மன்னிப்பு வாசகத்தைத் தயார் செய்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தாள்.

"பம்பர் நல்லாக் கருத்திருக்கே."

"விழுந்துட்டேன்மா."

"தெரியுது. பின்பக்கம் விட்டுப்போச்சு பாருங்க."

எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். விழுந்தவனுக்கு அவ்வளவு புத்தி ஏது?

அடுத்த ஞாயிறு அவளே பழைய பேப்பர் கொண்டுவந்து கண்ணாடிகளை மூடினாள். டப்பாவில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்துக் காற்றைக் குறைக்கச் சொன்னாள். சின்னத் துப்பாக்கியால் ஏசி இடுக்குகளில் நான் அடிக்க, அவள் டார்ச் பிடித்தாள். பழக்க தோஷத்தில் ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் கொஞ்சம் பட்டுவிட்டது. சோப்புத் தண்ணீர் வைத்து நாலு தடவை துடைத்தாள். வழுக்கினால் ஓட்டுகிறவர் உயிருக்கே ஆபத்து என்றாள். என் உயிர்மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு செல்போனை எடுத்து முன்னால், பின்னால், உள்ளே என்று போட்டோ பிடித்தாள். நானும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."

மூன்றாம் ஞாயிறு ஒரு மனிதர் மனைவியோடு வந்தார். தெரிந்தவர்கள், காரைப் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்று சொல்லிவிட்டு என் மனைவி ஒதுங்கி நின்றாள். எனக்கு நெஞ்சு துள்ளியது. அந்த ஒரே ஒரு மனுஷன் வந்துவிட்டான்.

அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டயரை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அவர் மனைவி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை. பழைய கார் என்றால் கிட்டவே வராதவள், இதில் ஏறிவிட்டாளே என்று அவர் அதிசயப்பட்டார். நான் விடுவேனா? இன்ஜின் தங்கம் என்றேன். இன்னொருத்தர் கை பட்டதில்லை என்றேன். அரை மணி நேரம் மூச்சு விடவில்லை.

நடுவில் இவள் வாயைத் திறந்தாள்.

"ஒளிக்காம சொல்லிடறேன். காலையில ஸ்டார்ட் ஆகாது. நான்தான் தள்ளுவேன்."

பந்தயத்தில் தோற்கப்போகிற வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். மானத்தைக் காப்பாற்ற ஓடினேன்.

"அது ஒண்ணுமில்லை சார். பேட்டரிதான் செத்துப்போச்சு. மாத்தினா குதிரை மாதிரி ஓடும். மூணு வருஷமா மாத்தணும்னுதான் இருக்கேன்."

இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மூன்று வருடக் காலைகள் இருந்தன. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"கவலையில்லைங்க, நான் பேட்டரிக் கடைதான் வச்சிருக்கேன்" என்றார் அவர்.

வெட்கத்தை ஒதுக்கிவிட்டுக் காரியத்தைப் பார்த்தேன். "மொத்தத்துல கார் எப்படி இருக்கு? இவ காதுல விழற மாதிரி சொல்லுங்க சார்."

"ரொம்ப நல்லா இருக்கு."

சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பினேன். "கேட்டியா? சொன்ன சொல்லு என்னாச்சு?"

"சொன்னா சொன்னதுதாங்க. இனிமே விக்கற பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றபடி பையிலிருந்து காரின் பதிவுப் புத்தகத்தை எடுத்தாள். அதில் அவள் பெயர். பக்கத்தில் இருந்த விற்பனைக் காகிதத்தில் அவள் கையெழுத்து. முந்தின நாளே போட்டது, மை காய்ந்திருந்தது. "சாவியைக் குடுங்க. அவங்களுக்கு நேரமாகுது."

என் கை தானாகச் சாவியை நீட்டியது. சொன்னேனே, பழக்க தோஷம்.

பேட்டரிக்காரர் தன் வண்டியிலிருந்து ஒரு புதுப் பேட்டரியை எடுத்து மாட்டினார். ஒரே திருகு. உறுமியது. மகராசி, என் கையில் ஒரு நாளும் அப்படி உறுமியதில்லை. டயரெல்லாம் பளபளக்கத் தெருமுனையில் திரும்பி மறைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவே?"

"பஸ்ல. அதை நான் தள்ள வேண்டாம்."

வாசலில் மோட்டாரும் இரண்டு துப்பாக்கிகளும் அநாதையாகக் கிடந்தன. இதை வைத்துக்கொண்டு இனி நான் என்ன செய்வது என்று பெருமூச்சு விட்டேன். அவள் உள்ளே போய் ஒரு கருப்புப் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"வாசல் கேட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு. மெல்லிசா அடிங்க."